9.11 பெரிதா, 9.9 பெரிதா?

2024 ஜூலையில் சீனத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி ஒன்றில் வாக்கு விவரம் அறிவிக்கப்பட்டது. ஒரு பாடகருக்கு 13.8 விழுக்காடு, இன்னொருவருக்கு 13.11 விழுக்காடு. பட்டியலில் 13.8 மேலே இருந்தது. பார்த்தவர்களில் சிலருக்கு அது ஒப்பவில்லை. எட்டைவிடப் பதினொன்று பெரிதாயிற்றே, 13.11 எப்படிக் கீழே போகும் என்று இணையத்தில் சண்டைக்கு வந்தார்கள். அத்தோடு முடிந்திருந்தால் நாலு நாள் கேலியாகப் போயிருக்கும். அதே கையோடு செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடமும் இதைக் கேட்டுப் பார்த்தார்கள்: 9.11, 9.9 இரண்டில் எது பெரிது? கடினமான கணக்குகளைப் படிப்படியாகப் போட்டுக் காட்டும் செயலிகளில் சில, 9.11தான் பெரிது என்று கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்லின. ஏன் என்று விளக்கமும் கொடுத்தன. ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர், 9.9 ஏன் பெரிது என்பதற்கு ‘ஒரு பூஜ்ஜியம் சேர்த்தால் 9.90 ஆகிவிடும்’ என்பதைத் தாண்டி ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரைக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

தசம எண்களைச் சிறிது, பெரிது என்று வரிசைப்படுத்துவதில் வரும் தவறைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. கவனக்குறைவால் வரும் தவறு ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். ஒரு நாள் வரும், மறுநாள் வராது. இந்தத் தவறோ நாடு மாறினாலும் மொழி மாறினாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகிறது. அப்படி வரும் எதுவும் எங்கிருந்தோ கற்றுக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு முழு எண், வலப்பக்கம் இன்னொரு முழு எண், நடுவில் புள்ளி ஒரு தடுப்பு என்று படிக்கும் பழக்கமே இதன் வேர் என்பது என் வாதம். அந்தப் பழக்கத்தை அன்றாட வாழ்க்கை நமக்கு ஊட்டி வளர்க்கிறது. பள்ளிக்கூடமும், அதைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டே, பல நேரம் அதற்குத் துணைபோகிறது.

வாழ்க்கை ஊட்டுவது எப்படி என்று பாருங்கள். உயரம் கேட்டால் ‘5.11’ என்று எழுதுகிறோம். ஐந்தடி பதினோரு அங்குலம் என்று பொருள். அவர் 5.9 உயரமுள்ளவரை விட இரண்டு அங்குலம் உயரம். இங்கே 5.11தான் பெரிது, அதில் தவறே இல்லை. ஆனால் இதையே உண்மையான தசமமாக எடுத்துக்கொண்டால் 5.9 அடி என்பது ஐந்தடி பதினோரு அங்குலத்துக்குச் சற்றே குறைவு, 5.11 அடி என்பது ஐந்தடி ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். வரிசை தலைகீழாகிவிடும். நேரத்தையும் புள்ளி வைத்துத்தான் எழுதுகிறோம்: ‘1.30 மணி நேரம்’ என்றாலும் ஒன்றரை மணி, ‘1.5 மணி நேரம்’ என்றாலும் ஒன்றரை மணி. மென்பொருளின் பதிப்பு எண்ணில் 9.9-க்குப் பிறகு 9.10, 9.11 என்று வரும். எல்லாவற்றையும்விட வேடிக்கை, தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே பயிற்சி 3.9 முடிந்ததும் பயிற்சி 3.10 வருகிறது. தசம எண்களில் 3.10 என்பது 3.1தான் என்று சொல்லித்தரும் புத்தகம், தன் பயிற்சிகளுக்கு எண் கொடுக்கும்போது வேறு விதி வைத்துக்கொள்கிறது. குழந்தை எதை நம்பும்?

கிரிக்கெட் இதில் தனி ரகம். 19.5 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் ஐந்து பந்தும். அடுத்த பந்து விழுந்தால் 20. புள்ளிக்குப் பின்னால் ஆறு என்ற இலக்கமே வராது. வரிசை எப்போதும் சரியாக இருக்கும், ஏனென்றால் ஒரே ஓர் இலக்கம்தான் வருகிறது. அளவு மட்டும் தப்பும். 18.3 ஓவர் என்பது உண்மையில் பதினெட்டரை ஓவர். 120 ரன்னை 18.3-ஆல் வகுத்தால் ரன் விகிதம் 6.56 என்று வரும், 18.5-ஆல் வகுக்க வேண்டும், சரியான விடை 6.49. புள்ளிப் பட்டியலில் இரண்டு அணிகள் சமமாக நிற்கும்போது இந்த இடைவெளி ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பக்கூடியது. எது பெரிது என்று தெரிவதும், எவ்வளவு பெரிது என்று தெரிவதும் இரண்டு வேறு அறிவுகள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இந்த வேறுபாட்டுக்குக் கட்டுரையின் பின்பகுதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

தசமக் குறியீடு உருவான கதையைப் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கே நுழைந்தது என்று தெரிகிறது. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று பிரித்து எழுதும் யோசனை பழையது. டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி 10ஆம் நூற்றாண்டிலேயே இப்படி எழுதிப் பார்த்தார். சமர்கண்டில் அல்-காஷி 1427இல் முடித்த நூலில் இதை முறையாக விளக்கினார். ஐரோப்பாவில் இதைப் பரப்பியவர் சைமன் ஸ்டெவின். 1585இல் டச்சு மொழியில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, அதை வானியலாளர்களுக்கும் நிலம் அளப்பவர்களுக்கும் வணிகர்களுக்கும் காணிக்கையாக்கினார். கவனிக்க வேண்டியது அவர் எழுதிய விதம். ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் ஒரு வட்டம் போட்டு, அந்த இலக்கம் எந்த இடத்துக்கு உரியது என்பதையும் எழுதினார். நாம் 0.125 என்று எழுதுவது அவர் கையில், ‘1 — முதல் இடம், 2 — இரண்டாம் இடம், 5 — மூன்றாம் இடம்’ என்ற பாணியில் நீண்டு கிடக்கும். பார்க்க அசிங்கம், எழுதக் கஷ்டம். ஆனால் அதை ‘நூற்றிருபத்தைந்து’ என்று யாராலும் படிக்க முடியாது. பிறகு வந்தவர்கள் அந்த வட்டங்களைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு புள்ளியை வைத்தார்கள். மடக்கைப் பட்டியல்களை உருவாக்கிய ஜான் நேப்பியர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புள்ளியைப் பயன்படுத்தியது அது பரவ உதவியது. எழுதும் வேலை குறைந்தது. இடத்தின் பெயர் கண்ணிலிருந்து மறைந்தது. மறைந்ததை மனத்தில் வைத்திருப்பவனுக்கு 125 என்பது ஒரு பத்தில்-ஒன்று, இரண்டு நூறில்-ஒன்று, ஐந்து ஆயிரத்தில்-ஒன்று. வைத்திருக்காதவனுக்கு அது வெறும் நூற்றிருபத்தைந்து. அந்தச் சுருக்கத்துக்கு நாம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விலை என்ன என்பதைக் கல்வி ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். 1985இல் பிரான்சைச் சேர்ந்த கத்ரீன் சக்குர்-கிரிஸ்வார், பிரான்சுவா லெயோனார் இருவரும் குழந்தைகளிடம் தசம எண்களை வரிசைப்படுத்தச் சொல்லி, தவறான விடைகளை ஆராய்ந்தார்கள். விடைகள் கண்டபடி சிதறியிருக்கவில்லை. மூன்று விதிகளில் ஏதோ ஒன்றைப் பெரும்பாலும் பின்பற்றின. முதல் விதி: இலக்கம் அதிகமானால் எண் பெரிது. இரண்டாவது, அதற்கு நேர் எதிர்: இலக்கம் குறைவானால் எண் பெரிது. மூன்றாவது, புள்ளிக்கு அடுத்தே பூஜ்ஜியம் இருந்தால் அது சிறிது, மற்றதெல்லாம் முதல் விதிப்படி. இதைப் புரிந்துகொள்ள 0.5, 0.45, 0.405, 0.054, 0.4 என்ற ஐந்து எண்களை எடுத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதுக்குச் சரியான வரிசை 0.054, 0.4, 0.405, 0.45, 0.5. முதல் விதிக் குழந்தை 0.4, 0.5, 0.45, 0.054, 0.405 என்று எழுதும். நாலு, ஐந்து, நாற்பத்தைந்து, ஐம்பத்துநாலு, நானூற்றைந்து. இரண்டாம் விதிக் குழந்தை 0.054, 0.405, 0.45, 0.4, 0.5 என்று எழுதும். இரண்டாவதுக்கு அறிவில்லை என்று சொல்லிவிட முடியாது. பின்னம் படித்த அறிவு அதிகமாக வேலை செய்கிறது. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது, அதைவிட ஆயிரத்தில் ஒன்று சிறியது, ஆகவே ஆயிரத்தில் எண்ணப்படுவது எல்லாம் சிறியது என்று ஒரு படி அதிகமாகத் தாவிவிடுகிறது. சில குழந்தைகள் 0.3 என்பதை மூன்றில் ஒரு பங்கு, 0.4 என்பதை நாலில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு 0.3தான் பெரிது என்கின்றன. 1989இல் பிரான்ஸ், இஸ்ரேல், அமெரிக்கா மூன்று நாட்டுக் குழந்தைகளையும் லாரன் ரெஸ்னிக் முதலானவர்கள் ஒப்பிட்டார்கள். பள்ளியில் தசமத்தை முதலில் கற்பிக்கிறார்களா, பின்னத்தை முதலில் கற்பிக்கிறார்களா என்பதைப் பொறுத்து எந்தத் தவறு அதிகம் வரும் என்பது மாறியது. முன்னால் படித்ததைக் கொண்டு புதியதை அர்த்தப்படுத்திக்கொள்ளும் முயற்சிதான் இந்தத் தவறுகள்.

இதில் அச்சமூட்டும் செய்தி ஒன்று உண்டு. தவறான விதி வைத்திருக்கும் குழந்தை பல கேள்விகளுக்குச் சரியான விடையே எழுதும். 0.456, 0.32 இரண்டில் பெரியது எது என்று கேளுங்கள். ‘இலக்கம் அதிகமானால் பெரிது’ என்று நம்பும் குழந்தை 0.456 என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும். 3.27, 3.72 என்று இலக்க எண்ணிக்கை சமமாக உள்ள இணைகளைக் கொடுத்தால் அந்த மூன்று விதிக்காரர்களும் முழு மதிப்பெண் பெறுவார்கள். 0.75, 0.8 என்ற இணை வரும்போதுதான் முதல் விதி அகப்படும். அப்போதும் இரண்டாம் விதி தப்பித்துக்கொள்ளும். வினாத்தாள் தயாரிப்பவர் இதை நினைத்துப் பார்க்காமல் பத்து இணைகளைக் கொடுத்தால், எட்டு ஒன்பது மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு ‘சிறு கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லேயும் இதற்காகவே ஒரு தேர்வைத் திட்டமிட்டு வடிவமைத்தார்கள். எத்தனை சரி என்பதை விட்டுவிட்டு, எந்த வகைக் கேள்வியில் தவறு என்பதைப் பார்த்தார்கள். குழந்தையின் தலைக்குள் இருக்கும் விதி அதில் தெரிந்துவிடும். ஆசிரியப் பயிற்சி மாணவர்களைச் சோதித்தபோதும் ஒரு பகுதியினர் தடுமாறினார்கள், குறிப்பாக, 0.6 போன்ற எண்ணைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடச் சொன்னபோது. வகுப்பறையில் தொடங்கிய தவறு அடுத்த வகுப்பறைக்கு ஆசிரியராகவே திரும்பிவரக்கூடும்.

சரியான வழி என்ன? இரண்டு எண்களிலும் புள்ளிக்கு இடப்பக்கம் சமம் என்றால், வலப்பக்கத்தில் முதல் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அதில் எது பெரிதோ அந்த எண் பெரிது. சமமாக இருந்தால் அடுத்த இலக்கம். எங்கே முதன்முதலாக வேறுபடுகிறதோ அங்கேயே தீர்ப்பு. பின்னால் எத்தனை இலக்கம் வரிசைகட்டி நின்றாலும் பொருட்டில்லை. அகராதியில் சொற்களை அடுக்கும் முறையும் இதுவே. ‘மரங்கொத்தி’ நீளமான சொல், ‘மலை’ குட்டிச் சொல். ஆனாலும் மரங்கொத்தி முன்னால் வரும், இரண்டாம் எழுத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. முழு எண்களில் நாம் பழகியது இதற்கு எதிர். அங்கே முதலில் நீளத்தைத்தான் பார்ப்போம், 1000 என்பது 999-ஐ விடப் பெரிது என்பதற்கு இலக்கங்களை ஒப்பிட வேண்டியதே இல்லை. ஏன் இந்த வேறுபாடு? முழு எண்ணில் இலக்கத்தைக் கூட்டக் கூட்டப் புதிய, பெரிய இடங்கள் திறக்கின்றன. தசமத்தில் இலக்கத்தைக் கூட்டினால் திறப்பவை மேலும் மேலும் சிறிய இடங்கள். அந்தச் சிறிய இடங்கள் எல்லாவற்றிலும் ஒன்பதை நிரப்பினாலும் முன்னால் உள்ள இடத்தின் ஓர் அலகை எட்டாது. 0.29 என்றால் 0.3-க்கு நூறில் ஒன்று பாக்கி, 0.299 என்றால் ஆயிரத்தில் ஒன்று பாக்கி. ஒன்பதுகளை எங்கே நிறுத்தினாலும் பாக்கி நிற்கும். (முடிவே இல்லாமல் ஒன்பது போட்டுக்கொண்டே போனால் அது 0.3-ஆகவே ஆகிவிடும். கணிதவியலாளர்களுக்குப் பிடித்த இடம் அது; மளிகைக் கடையில் தொல்லை தராது.) விதியை மட்டும் சொல்லி இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விடுவதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபம். இவ்வளவு சுற்றுவானேன், பின்னால் பூஜ்ஜியங்களைச் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கிவிட்டால் போதாதா? 9.9 என்பதை 9.90 என்று எழுதினால் தொண்ணூறும் பதினொன்றும், குழந்தைக்கே தெரியும். பெரும்பாலான வகுப்பறைகள் இதைத்தான் சொல்லித்தருகின்றன, விடையும் எப்போதும் சரியாக வருகிறது. இந்த முறைக்குப் பின்னால் உண்மையான ஒரு கருத்து இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தக் கருத்தைத் தமிழர்கள் பழைய திண்ணைப் பள்ளியிலேயே நன்றாக அறிந்திருந்தார்கள். எண்சுவடியில் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர், தனிக் குறி. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மாகாணி பெரிதா மா பெரிதா என்று கேட்டால் இரண்டையும் முந்திரியாக மாற்றிவிடலாம்: மாகாணி இருபது முந்திரி, மா பதினாறு முந்திரி. முடிந்தது வேலை. 0.25, 0.125 இரண்டில் பூஜ்ஜியம் சேர்த்து 0.250 என்று எழுதும்போதும் நாம் செய்வது இதுவே. இரண்டையும் ஆயிரத்தில்-ஒன்று என்ற பொது அலகுக்கு மாற்றி, ஒன்றில் 250, மற்றதில் 125 என்று எண்ணுகிறோம். அலகை மாற்றுகிறோம் என்று தெரிந்து செய்பவருக்கு இது நல்ல முறை.

தெரியாமல் செய்பவருக்கோ, புள்ளி ஒரு தடுப்பு என்ற நம்பிக்கையை இது இன்னும் கெட்டியாக்குகிறது. ‘வலப்பக்கம் உள்ளது ஒரு முழு எண்தான், நீளத்தை மட்டும் சரிசெய்துவிட வேண்டும்’ என்பதே அவர் கற்றுக்கொள்ளும் பாடம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். 0.45-க்கும் 0.46-க்கும் நடுவில் ஓர் எண் சொல்லுங்கள். நாற்பத்தைந்துக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில் என்ன இருக்கும், ஒன்றும் இல்லை என்பார் அவர். அளவை அறிந்தவர் 0.453 என்பார், 0.4501 என்பார், இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்பார். மெல்போர்ன் ஆய்வில் கண்ட இன்னொரு வகையும் இதோடு சேர்ந்தது. ரூபாய், பைசா போல நினைப்பவர்கள் அவர்கள். இரண்டு இலக்கம் வரை எல்லாம் சரியாக ஒப்பிடுவார்கள். 4.45, 4.4502 என்று கொடுத்தால் இரண்டும் சமம் என்பார்கள், மூன்றாவது இடத்தில் ஏதாவது இருக்க முடியும் என்பதே அவர்களுக்குப் பிடிபடாது. காசு நமக்குத் தசமத்தை நன்றாகக் கற்றுக்கொடுத்தது உண்மை. இலங்கையில் 1872இலேயே ரூபாய் நூறு சதமாகிவிட்டது. இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 அன்று ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு போய் நூறு நயா பைசா வந்தது. அதற்கு முன் ‘1-4-0’ என்று கோடு போட்டு எழுதிய ஒன்றே கால் ரூபாய் 1.25 ஆனது. ஆனால் பைசாவுக்குக் கீழே காசு இல்லை. தராசில் 1.250 என்று வருவதை ‘ஒரு கிலோ இருநூற்றைம்பது’ என்றும், நகைக் கடையில் ‘ஒரு கிராம் இருநூற்றைம்பது மில்லி’ என்றும் படிக்கிறோமே, அதுவும் எப்போதும் மூன்று இலக்கம் காட்டும் கருவியின் தயவு. இலக்க எண்ணிக்கை நிலையாக உள்ள இடங்களில் மட்டும் பழகியவர், அது நிலையில்லாத இடத்துக்கு வரும்போது தடுக்கி விழுகிறார்.

நிலையில்லாத இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நூலகத்துக்குப் போகலாம். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட நூல் வகைப்பாடு உண்மையான தசமத்தில் அமைந்தது. அதில் 894.8 திராவிட இலக்கியங்களுக்கு உரியது. தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812. ஹங்கேரிய இலக்கியத்துக்கு 894.511. அலமாரியில் எது முன்னால்? ஐந்நூற்றுப் பதினொன்று எட்டைவிடப் பெரிது என்று நினைக்கும் உதவியாளர் ஹங்கேரிய நாவலைத் திராவிடப் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகிவிடுவார். தேடி வந்தவர் கையில் அது கிடைக்காது. அங்கே தசமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே எந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் புதிதாக ஓர் எண்ணுக்கு இடம் உண்டு என்பதுதான். புதிய துறை ஒன்று தோன்றினால் பழைய எண்களை அசைக்காமல் நடுவே நுழைக்கலாம். பயிற்சி 3.9-க்கும் 3.10-க்கும் நடுவில் அப்படி எதையும் நுழைக்க முடியாது.

இன்னோர் ஆட்சேபம்: இதெல்லாம் கருவிகள் பார்த்துக்கொள்ளும், மனிதனுக்கு எதற்கு? கணினிக்கு இரண்டு எண்களை எண்களாகக் கொடுத்தால் அது தவறு செய்யாது என்பது சரி. ஆனால் கணினி அவற்றை எண்ணாகப் பார்க்கிறதா எழுத்தாகப் பார்க்கிறதா என்பதை ஒரு மனிதன்தான் முடிவு செய்கிறான். கோப்புகளின் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கும்போது 9-க்கு முன்னால் 10 வந்து நிற்பதை அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் பார்த்திருப்பார்கள். விரிதாளில் பயிற்சி எண்ணாக 3.10 என்று அடித்தால் அது தன் பாட்டுக்கு 3.1 என்று மாற்றிவைக்கும். உரையாடல் செயலிகளின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அவை மனிதர்கள் எழுதிக் குவித்ததைக் கொண்டு பழகியவை. அந்தக் குவியலில் 9.11 என்பது சில இடத்தில் தேதி, சில இடத்தில் பதிப்பு எண், சில இடத்தில் பிரிவு எண். நம்மைப்போலவே அவையும் புள்ளியின் இரட்டை வேடத்தில் ஏமாந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது.

கருவி நடுவில் இல்லாத இடம், மருந்துச் சீட்டு. இதயக் கோளாறுக்குத் தரப்படும் டிஜாக்சின் மாத்திரை 0.125 மில்லிகிராமிலும் 0.25 மில்லிகிராமிலும் வருகிறது. இரண்டாவது முதலாவதைப்போல இரண்டு மடங்கு. நூற்றிருபத்தைந்து, இருபத்தைந்து என்று படிப்பவருக்கு இது நேர்மாறாகத் தெரியும்; அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்தான மருந்து அது. பிரிட்டனில் ஒரு மில்லிகிராமுக்குக் குறைவான அளவுகளை மைக்ரோகிராமில் எழுதச் சொல்வது இதனால்தான். 125, 250 என்று முழு எண்ணாகிவிட்டால் குழப்பம் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட தடைப் பட்டியலில் இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. ‘.5’ என்று எழுதக் கூடாது, 0.5 என்றே எழுத வேண்டும். புள்ளி கண்ணில் படாவிட்டால் ஐந்தாகிவிடும். ‘1.0’ என்றும் எழுதக் கூடாது, 1 என்றே எழுத வேண்டும். புள்ளி தவறினால் பத்தாகிவிடும். வகுப்பறையில் தைரியமாகச் சேர்க்கச் சொல்லும் அதே பூஜ்ஜியம் மருத்துவமனையில் தடை செய்யப்பட்ட பொருள். எந்தப் பூஜ்ஜியம் அளவை மாற்றும், எந்தப் பூஜ்ஜியம் மாற்றாது, மாற்றாத பூஜ்ஜியம்கூட எப்போது ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் சூத்திரம் போதாது. இலக்கம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா எடுத்துக்கொண்ட நேரம் 55.42 விநாடி, வெண்கலம் வென்ற ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாருவுக்கு 55.41. நூறில் ஒரு விநாடி. 2024 பாரிஸில் 100 மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸும் கிஷேன் தாம்சனும் 9.79 என்று பலகையில் சமமாக நின்றார்கள். மூன்றாம் இடத்தைத் திறந்து பார்த்தபோது 9.784, 9.789. தங்கம் லைல்ஸுக்கு. இன்னோர் இடத்தைத் திறந்தால் வரிசை கிடைத்துவிடும் என்பது தசமம் தரும் வசதி. நம் ஊரில் ஜே.இ.இ. மெயின் தேர்வின் சதமான மதிப்பெண்ணை ஏழு தசம இடங்கள் வரை கணக்கிடுவதும் பலர் ஒரே எண்ணில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். 99.9971 என்பது 99.998-ஐ விடக் குறைவு என்று தெரிந்துகொள்ள மாணவர்களும் பெற்றோரும் இப்போது பழகியாக வேண்டியிருக்கிறது. ஆனால் ஏழாவது இடத்தில் வரும் வேறுபாடு இரண்டு மாணவர்களின் அறிவில் உள்ள வேறுபாடா என்று கேட்பதற்கு, எண்ணின் அளவைப் பார்க்கப் பழகியவருக்கு மட்டுமே தோன்றும். வரிசை மட்டும் அறிந்தவருக்கு ஏழாம் இடமும் முதல் இடமும் ஒன்றே.

நீச்சல் உலகம் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் நூறில் ஒரு விநாடி வரை சமமாக முடித்தார்கள். மூன்றாம் தசம இடத்தில் லார்சனுக்கு 4 நிமிடம் 31.981 விநாடி, மெக்கீக்கு 31.983. தங்கம் லார்சனுக்குப் போனது. ஆயிரத்தில் இரண்டு விநாடியில் ஒரு வீரர் நீந்தும் தூரம் சுமார் மூன்று மில்லிமீட்டர். நீச்சல் குளத்தைக் கட்டும்போது ஒரு தடத்துக்கும் இன்னொரு தடத்துக்கும் அதைவிட அதிக வேறுபாடு வந்துவிடலாம். 31.981 சிறிது, 31.983 பெரிது என்பதில் கணக்கின்படி எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தக் கடைசி இலக்கம் நீச்சல்காரரை அளந்ததா, கொத்தனாரை அளந்ததா என்பதில்தான் சந்தேகம். அதன் பிறகு நீச்சலில் நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அதில் சமம் என்றால் சமம்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் தங்கம் வென்றார். அவருக்குப் பின்னால் மைக்கேல் பெல்ப்ஸ், சாட் லே க்ளோஸ், லாஸ்லோ செஹ் மூவருக்கும் 51.14. மூன்று பேருக்கும் வெள்ளி கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் வெண்கலம் யாருக்கும் இல்லை.